குறுமரம் வாங்க வேண்டாம், வளர்த்துப் பாருங்கள்



சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்று ஓர் ஊர் உண்டு. அந்த வட்டாரத்தில் உள்ள பழைய கட்டடங்கள், பாலத்தின் பக்கச் சுவர்கள், கிணற்று மேடைகள் ஆகியவற்றை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஏதாவது ஒரு வெடிப்பில் ஓர் ஆலங்கன்றோ அரசங்கன்றோ தலை நீட்டிக் கொண்டிருக்கும். நீங்கள் முதல் வகுப்பில் படித்தபோது பார்த்த அதே கன்று, ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகும் முழங்கால் உயரமே இருக்கும். ஆனால் அதே ஆண்டு ஏரிக்கரையில் நட்ட ஆலங்கன்று வீட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கும்.

ஏன் இந்த வேறுபாடு? சுவரில் முளைத்தது வேறு சாதியா? அதன் விதை குட்டை விதையா? இல்லை. இரண்டும் பறவைகள் தின்று எச்சமிட்ட ஒரே வகை விதைகள்தாம். கொல்கத்தாவை அடுத்த ஹௌராவில், தாவரவியல் தோட்டத்தில் ஒன்றரை ஹெக்டேருக்கும் மேல் பரந்து நிற்கும் புகழ்பெற்ற ஆலமரமும் இதே இனம்தான். சுவரில் முளைத்ததற்கு மண் குறைவு, நீர் குறைவு. எனவே அது தன் வளர்ச்சியைச் சுருக்கிக் கொண்டு உயிர் வாழ்கிறது.

இன்று பலரும் ஆசையோடு பேசும் 'போன்சாய்' என்னும் குறுமரத்தின் இரகசியம் முழுவதும் இந்தச் சுவர்க் கன்றில் இருக்கிறது. ஆகவே குறுமரம் வளர்க்க விரும்பும் மாணவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கடையில் விற்கும் குறுமரத்தை வாங்காதீர்கள். சுவரில் முளைத்த கன்றிலிருந்து தொடங்குங்கள். அதை அழகுப் பொருளாக எண்ணாமல், பல ஆண்டுகள் நடக்கும் ஒரு சோதனையாக எண்ணுங்கள். இதற்கான காரணங்களையும் செய்யும் முறையையும் இனிக் காண்போம்.

குட்டை எங்கே இருக்கிறது?

'போன்சாய்' என்பது ஜப்பானியச் சொல். 'போன்' என்றால் ஆழமில்லாத தட்டு. 'சாய்' என்றால் நடுதல். தட்டில் நட்ட செடி என்பதே இதன் பொருள். இக்கலை சீனாவில் தோன்றி ஜப்பானுக்குச் சென்றது. சீனாவின் சியான் நகருக்கு அருகில், 706-ஆம் ஆண்டில் அமைந்த ஓர் இளவரசரின் கல்லறையில் சுவர் ஓவியங்கள் உள்ளன. சிறு செடியும் கற்களும் கொண்ட தட்டைப் பணியாள் ஏந்தி வருவதை அவற்றில் இன்றும் காணலாம்.

குறுமரம் பற்றி நம்மிடையே சில தவறான எண்ணங்கள் உள்ளன. 'அதற்கென்று தனி விதை உண்டு' என்பார்கள். 'ஏதோ மருந்து ஊற்றுகிறார்கள்' என்பார்கள். இரண்டும் உண்மையல்ல. சாதாரண மரத்தின் சாதாரணக் கன்றுதான் குறுமரம் ஆகிறது. வேருக்கு இடம் குறைவு, கிளைக்குக் கத்தரி, ஆனால் நீரும் ஒளியும் உரமும் தவறாமல் கிடைக்கும். அவ்வளவே.

ஆடு மேயும் நிலங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். வேலியோரத்தில் ஆடு கடித்துக் கடித்து வளர்ந்த வேப்பங்கன்றையும் கொடுக்காப்புளிச் செடியையும் கவனியுங்கள். அடித்தண்டு பருத்திருக்கும், உயரம் இடுப்பளவு கூட இராது, கிளைகள் நெருக்கமாக இருக்கும். ஆடு தன்னை அறியாமலே குறுமரம் செய்து விடுகிறது!

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களும் இப்படித்தான். தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரமாக உயர்ந்து விடும். கொழுந்து பறிக்க வசதியாக இடுப்பளவிலேயே வைத்திருக்கிறார்கள். நாம் தினமும் பருகும் தேநீர், குட்டையாக வைக்கப்பட்ட மரங்களிலிருந்து வருவதுதான்.

ஏன் வாங்கக் கூடாது?

பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். ஆனால் அது சிறிய காரணம். கடையில் வாங்கிய மரத்தின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. எந்தக் கிளையை எப்போது வெட்டினார்கள், மண்ணில் என்ன கலந்தார்கள் என்பது தெரியாது. கிழங்கு போல் பருத்த வேரின் மேல் வேறோர் இச்சியின் கிளைகளை ஒட்டுக் கட்டியதையும் 'போன்சாய்' என்று விற்கிறார்கள். அது வாடும்போது காரணம் கண்டுபிடிக்க உங்களிடம் எந்தக் குறிப்பும் இராது. முடிவு மட்டும் கையில் இருந்து, சோதனை வேறொருவரிடம் நடந்திருந்தால் அதில் நாம் என்ன கற்க முடியும்?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நம் மாணவர்கள் மிகுந்த உழைப்புடன் மாதிரிகள் செய்கிறார்கள். பல்பு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது. இரண்டு நாளில் கண்காட்சி முடிந்ததும் எல்லாம் பிரிக்கப்படுகிறது. அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயற்கையின் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரு பாடவேளையில் விடை கிடைக்காது என்பதை எங்கே கற்பது? ஆறாம் வகுப்பில் தொடங்கும் ஒரு குறுமரம், நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது ஏழு வயதை எட்டும். ஏழு ஆண்டு அளவீடுகள் கொண்ட ஒரு குறிப்பேடு எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் மாணவனுக்கு எளிதில் கிடைக்காத செல்வம்.

எந்தக் கன்று?

நம் சமவெளிக்கு ஆல், அரசு, இச்சி ஆகிய அத்தி இனங்களே தொடக்கத்துக்கு ஏற்றவை. காரணம், இவை பிறப்பிலேயே சிறிய இடத்தில் வாழப் பழகியவை. பனை மரத்தின் மட்டை இடுக்கில் ஆல் முளைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி மக்குக் கூட இல்லாத இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கும் செடிக்கு, தட்டு ஒரு பெரிய மாளிகை! ஆலின் இலை பெரியது. வெயிலும் கத்தரியும் அதை ஓரளவே சிறிதாக்கும். இலை சிறிதாக வேண்டும் என்பவர்கள் இச்சியைத் தேர்ந்தெடுக்கலாம். காகிதப்பூவும் புளியும் அடுத்த நிலைக்கு நல்லவை. ஒன்றை நினைவில் வையுங்கள்: இலை சற்றுச் சிறுக்கலாம், ஆனால் காய் அவ்வாறு சிறுப்பதில்லை. குறுமரப் புளியில் காய்த்தாலும் அது வழக்கமான அளவுப் புளியங்காயாகவே இருக்கும்.

தென்னை, பனை ஆகியவற்றைக் குறுமரம் ஆக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஆல், வேம்பு போன்றவற்றின் பட்டைக்கு அடியில் 'கேம்பியம்' என்னும் வளர் அடுக்கு உண்டு. அது ஆண்டுதோறும் புதிய மரக்கட்டையை உண்டாக்குகிறது. வெட்டிய இடத்தை மூடுகிறது. தென்னைக்கும் பனைக்கும் இந்த அடுக்கு இல்லை. வளரும் குருத்தும் உச்சியில் ஒன்றே ஒன்று. அதை வெட்டினால் மரம் செத்து விடும்.

சுவரில் முளைத்த கன்றை எடுப்பதில் யாருக்கும் நட்டம் இல்லை. விட்டு வைத்தால் அதன் வேர் சுவரைப் பிளக்கும் என்பதால் எப்படியும் பிடுங்கி எறிவார்கள். ஆனால் கிணற்றுக்குள் இறங்கவோ, உயரமான சுவரில் ஏறவோ வேண்டாம். கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதை, வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது எடுங்கள். வடியும் பால் கண்ணில் படக் கூடாது. ஒன்றுக்கு நான்கு கன்றாக எடுங்கள். தொடங்குபவர் கையில் எல்லாம் பிழைப்பதில்லை. மேலும் ஒரே ஒரு செடியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இன்னொரு வேண்டுகோள். கொல்லிமலை அருகில்தானே இருக்கிறது, அங்கே பாறையில் வளைந்து வளர்ந்த பழைய செடியைப் பெயர்த்து வரலாம் என்று எண்ணாதீர்கள். காப்புக் காட்டில் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். அது மட்டுமல்ல, பாறையில் ஐம்பது ஆண்டு நின்ற செடி உங்கள் மொட்டை மாடியில் ஐம்பது நாள் கூட நில்லாமல் போகலாம்.

முதலில் வாளி, பிறகு தட்டு

கன்றைக் கொண்டு வந்ததும் தட்டில் நட்டு விடுவது தொடக்கக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தட்டில் நட்ட கன்றின் தண்டு எளிதில் பருக்காது. இலைகள் செய்யும் உணவிலிருந்துதான் தண்டின் கட்டை உண்டாகிறது. இலை குறைவென்றால் கட்டையும் குறைவு. எனவே முதல் இரண்டு ஆண்டுகள் ஓர் உடைந்த வாளியிலோ பெரிய மண் தொட்டியிலோ தாராளமாக வளர விடுங்கள். தண்டு உங்கள் கட்டைவிரலின் பருமன் வந்த பிறகு தட்டுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். அதற்கு ஈடாக மேலே கிளைகளையும் குறைக்க வேண்டும். ஆடி, ஆவணி மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கத்து வெப்பம் 38, 40 டிகிரி செல்சியசைத் தொடும்போது வேரில் கை வைக்கவே வேண்டாம்.

பஞ்சு சொல்லும் பாடம்

தட்டில் வளரும் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதாக நாம் நினைக்கிறோம். தண்ணீர் வடியாமல் வேர் அழுகிச் சாவதும் அதற்குக் குறைந்ததல்ல. இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. இதோ ஓர் எளிய சோதனை.

பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவ ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக ஊற வையுங்கள். அதை எடுத்துப் படுக்கை நிலையில் பிடியுங்கள். நீர் சொட்டிச் சொட்டி நின்று விடும். இப்போது பிழியாமல், அதை அப்படியே செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். என்ன நடக்கிறது? மீண்டும் நீர் சொட்டுகிறது!

ஸ்பாஞ்சும் மண்ணும் நுண்ணிய இடைவெளிகள் நிறைந்தவை. பரப்பு இழுவிசையால் அவ்விடைவெளிகளில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீர் வடியாமல் நிற்கும். இதுவே நுண்புழை ஏற்றம். அந்த உயரம் இடைவெளியின் அளவைப் பொறுத்தது. பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்தது அல்ல. இடைவெளியின் ஆரம் 0.1 மி.மீ. என்றால் நீர் ஏறத்தாழ 15 செ.மீ. உயரம் நிற்கும். 0.5 மி.மீ. என்றால் 3 செ.மீ. 1 மி.மீ. என்றால் 1.5 செ.மீ. மட்டுமே.

இப்போது 5 செ.மீ. ஆழமுள்ள ஒரு தட்டை எண்ணிப் பாருங்கள். அதில் வயல் வண்டல் போன்ற நுண்மண்ணை நிரப்பினால் மேலிருந்து கீழ் வரை முழுவதும் சேறாகவே நிற்கும். வேர் மூச்சு விடக் காற்று இராது. அதே மண் 30 செ.மீ. ஆழத் தொட்டியில் இருந்தால் மேல்பாதியாவது வடிந்திருக்கும். ஆக, தட்டுக்குத் தனி மண் வேண்டும் என்பது ஜப்பானியர் பழக்கமோ சாத்திரமோ அல்ல. அது இயற்பியல் கணக்கு.

எனவே உடைந்த செங்கல்லைச் சிறு சில்லுகளாகத் தட்டிச் சலித்து, 2 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை உள்ளவற்றை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு பங்கு சில்லு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் என்று கலந்தால் போதும். தூளைச் சலித்து நீக்குவதுதான் முக்கியம். தட்டின் அடியில் இரண்டு துளைகளாவது இருக்க வேண்டும். துளையின் மேல் ஓட்டுச் சில்லையோ வலைத் துண்டையோ வைத்தால் மண் ஒழுகாது.

'தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும்' என்று பலர் சொல்வார்கள். மேலே சொன்ன கணக்கைக் கொண்டு யோசியுங்கள். நுண்மண்ணில் நிற்கும் நீர், அது முழுவதும் நிறையும் வரை ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லி அடுக்கு, சேற்று அடுக்கை மேலே தூக்கி வேருக்கு அருகில் கொண்டு வருகிறது. அவ்வளவே!

நீரும் ஒளியும் உரமும்

நன்கு வடியும் மண் விரைவில் காயவும் செய்யும். 30 செ.மீ. ஆழத் தொட்டியும் 5 செ.மீ. ஆழத் தட்டும் ஒரே வெயிலில் இருந்தால், மேற்பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே தட்டில் ஆறில் ஒரு பங்கு மண்தான் இருக்கிறது. எனவே தட்டு ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாகக் காயும். கோடையில் காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டி வரும். மழை நாட்களில் பல நாட்கள் ஊற்றவே வேண்டியிராது. நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள். விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, தட்டை எடை போடுவது. காலையில் நீர் ஊற்றி வடிந்த பின் ஒரு எடை, மாலையில் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 180 கிராம் என்றால் அன்று 180 மில்லி லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது. வெயில் நாளிலும் மேகமூட்டமான நாளிலும் இதைச் செய்து ஒப்பிடுங்கள்.

தட்டின் கீழே நீர் தேங்கும் சாசர் வைக்க வேண்டாம். அது வடிகாலையும் கெடுக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகவும் ஆகும்.

அடுத்தது ஒளி. குறுமரத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் அலங்காரமாக வைப்பது அதைக் கொல்லும் வழி. 'அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது?' என்று நம் கண் சொல்லும். கண் நம்மை ஏமாற்றுகிறது. நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இரவில் குழல் விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கண் பாவையைச் சுருக்கியும் விரித்தும், வேறு வழிகளிலும் சமாளித்துக் கொள்கிறது. இலைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே குறுமரத்தின் இடம் வெளிப்புறம்தான். கிழக்கு வெயில் படும் திண்ணை அல்லது மாடி நல்லது. கோடை மதியத்தில் மட்டும் சிறிது நிழல் கொடுங்கள். சுடும் தளத்தின் மேல் நேராக வைக்காமல், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

நாமக்கல் மாவட்டம் கோழிப் பண்ணைகளுக்குப் பேர் போனது. கோழி எரு எளிதில் கிடைக்கும். ஆனால் புதிய கோழி எருவைத் தட்டில் போட்டு விடாதீர்கள். அதில் அம்மோனியாவும் உப்புகளும் மிகுதி. வேரின் உள்ளே இருப்பதைவிட வெளியே உப்பின் செறிவு கூடினால், சவ்வூடு பரவலால் நீர் வேரிலிருந்து வெளியே போய் விடும். ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும்! நன்றாக மக்கிய எருவைச் சிறிதளவு, மாதம் ஒருமுறை இட்டால் போதும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரும் இதே தொல்லையைத் தரும். தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். மழை நீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி விடலாம்.

கத்தரியும் கம்பியும்

நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பதை எல்லாரும் அறிவோம். ஏன்? 1880-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் வெளியிட்ட நூலில், முளையின் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே செல்வதாகக் காட்டினார்கள். 1920-களில் ஹாலந்து நாட்டு அறிஞர் வென்ட் அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருளைப் பிரித்துக் காட்டினார். அதுவே 'ஆக்சின்'. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது என்பது நெடுநாள் விளக்கம். 2014-ஆம் ஆண்டில் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இதில் ஒரு திருத்தம் கூறியது. வளரும் நுனி சர்க்கரையைத் தன்பால் இழுத்துக் கொள்கிறது. நுனியை வெட்டியதும் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்வதே முதல் தூண்டுதல் என்று அது காட்டியது. பாட்டி காலத்திலிருந்து தெரிந்த ஒரு செயலுக்கு, இன்னும் விளக்கம் முழுமை பெற்று வருகிறது, பாருங்கள்!

கிளையை வளைக்கக் கம்பி சுற்றுவார்கள். அலுமினியக் கம்பியோ, மோட்டார் கட்டும் கடையில் கிடைக்கும் பழைய செம்புக் கம்பியோ போதும். கம்பி இல்லையென்றால் கிளையில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தொங்க விடுங்கள். கல்லை நுனிப் பக்கம் நகர்த்தினால் கிளை அதிகம் வளையும். இது திருப்புத்திறன் பாடம். இளங்கிளையை வளைத்து உடனே விட்டால் பழைய நிலைக்குத் திரும்பி விடும். சில மாதங்கள் அப்படியே பிடித்து வைத்தால் புதிதாக உண்டாகும் கட்டை வளைந்த நிலையிலேயே அமையும். பிறகு கம்பி தேவையில்லை. இரண்டு மூன்று மாதங்களில் கம்பியை வெட்டி எடுத்து விடுங்கள். மறந்தால் பட்டைக்குள் புதைந்து விடும்.

இது கொடுமை இல்லையா?

குறுமரம் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். நல்ல கேள்வி. 'வானளாவ வளர வேண்டியதைச் சிறையில் அடைக்கிறீர்களே!' என்பார்கள். செடிக்கு நரம்பு மண்டலமோ மூளையோ இல்லை. நாம் உணரும் வலியை அது உணர்வதாகச் சான்றும் இல்லை. வெட்டுவதைக் கொடுமை என்றால் தேயிலைத் தோட்டமும் மருதாணி வேலியும் கொடுமைதான். நன்கு பேணிய குறுமரம் பட்டினியில் இருப்பதில்லை. இல்லாவிடில் அது நூற்றாண்டுகள் வாழ முடியாது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் வளர்த்த ஒரு பைன் மரம் 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் இருப்பது. 1945 ஆகஸ்டு 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் அது தப்பியது. 1976-ஆம் ஆண்டில் ஜப்பான் அமெரிக்காவுக்குப் பரிசளித்த 53 குறுமரங்களில் அதுவும் ஒன்று. அந்த வரலாறு அமெரிக்கர்களுக்குத் தெரிய வந்தது 2001-ஆம் ஆண்டில், அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் வாஷிங்டனுக்கு வந்து மரத்தைப் பார்த்தபோதுதான். தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் நாள் தவறாமல் நீர் ஊற்றியிருக்கிறார்கள்! என் கருத்தில் கொடுமை என்பது கத்தரியில் இல்லை. ஆசையாக வாங்கி வந்து, இரண்டு மாதத்தில் மறந்து, மூலையில் காய விடுவதே கொடுமை.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. 'சாலையை அகலமாக்கும்போது நிழல் தந்த புளிய மரங்களெல்லாம் வெட்டப்படுகின்றன. இந்தக் காலத்தில் தட்டில் குட்டி மரம் வளர்ப்பது எதற்கு? ஊருக்குப் பெரிய மரமல்லவா வேண்டும்?' ஊரின் பெயரிலேயே வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தை வைத்திருக்கும் இடத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் நியாயம் உண்டு. சத்திரம் என்றால் நிழலும் வேண்டுமே!

இதற்கு என் விடை: குறுமரத்திலிருந்தே பெரிய மரம் உண்டாக்குங்கள். ஆலின் கிளையை வெட்டி நட்டால் வேர் விடும். ஆலம்போத்து, பூவரசம்போத்து நடுவது நம் உழவர்களுக்குப் பழகிய முறை. ஆண்டுதோறும் கத்தரிக்கும்போது விழும் கிளைகளில் பென்சில் பருமன் உள்ளவற்றை எறியாமல் ஈர மண் நிரப்பிய பைகளில் நடுங்கள். ஓராண்டு வளர்ந்த பின், ஊராட்சியின் இசைவோடு ஏரிக்கரையிலோ பொட்டல் நிலத்திலோ நட்டு விடுங்கள். கட்டடத்தின் அருகில் மட்டும் வேண்டாம்.

இது வெறும் நற்செயல் அன்று. அருமையான சோதனையும் கூட. போத்திலிருந்து வந்த கன்றும் தட்டில் உள்ள தாய் மரமும் ஒரே மரபணுக்கள் கொண்டவை. வேறுபாடு மண்ணிலும் கத்தரியிலும் மட்டுமே. ஆண்டுதோறும் இரண்டின் உயரத்தையும் தண்டின் சுற்றளவையும் குறித்து வாருங்கள். தட்டு மரம் முழங்கால் உயரத்தில் நிற்கும். ஏரிக்கரை மரம் உங்களைத் தாண்டிப் போகும். குட்டை விதையில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்று நான் சொன்னதை அப்போது நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அளந்தே தெரிந்து கொள்வீர்கள்.

ஒரு குறிப்பேடு

செடியைத் தொட்டியில் வைத்து அளக்கும் பழக்கம் அறிவியலில் பெரிய கதவுகளைத் திறந்திருக்கிறது. வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண் குறைந்ததோ 2 அவுன்சு மட்டுமே! மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. எல்லாம் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் பங்கு அவருக்குத் தெரியாது. அவர் இறந்த பிறகு 1648-ஆம் ஆண்டில் அந்த ஆய்வு அச்சில் வந்தது. முடிவு முழுவதும் சரியல்ல. ஆனால் அளவீடு இன்றும் நிற்கிறது. அளவீடு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் முடிவைத் திருத்த முடிந்தது.

ஆகவே கத்தரி வாங்குவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் கன்றை எடுத்த இடம், நாள், உயரம், அடித்தண்டின் சுற்றளவு, இலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். மாதம் ஒருமுறை அளவு எடுங்கள். நான்கு கன்றில் ஒன்று செத்தால் அதையும், அதற்கு முந்தைய வாரத்தில் என்ன செய்தீர்கள் என்பதையும் தவறாமல் எழுதுங்கள். செத்த கன்றின் பக்கம்தான் மற்ற மூன்றையும் காப்பாற்றும்.

தேர்வு வரும், விடுமுறை வரும், ஊருக்குப் போக நேரும். அந்த நாட்களில் நீர் ஊற்றத் தம்பியையோ தங்கையையோ பழக்கி விடுங்கள். வரும் ஆடியில் மழை பெய்து சுவர்கள் ஊறியிருக்கும்போது தொடங்கலாம். அதற்குள் ஸ்பாஞ்சு சோதனையைச் செய்து முடித்து, செங்கல்லையும் சலித்து வைத்து விடுங்கள்.